ஒரே ஊசியில் பச்சை குத்திக்கொண்டோம்

செய்தி வந்தபோது நான் கோலியனூர்ப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் நான். என் குரலைக் கேட்டால் சுங்கச்சாவடித் தடுப்புக் கட்டை தானாக எழுந்து நிற்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பரப்பியவனும் நானே. போனில் தணிகாசலத்தின் அக்கா செல்வி.

"தம்பி, தணிகாசலம் போய்ட்டான்பா. காலைல எட்டு மணிக்கு."

கார் பின்பக்கமாகக் கரும்பு டிராக்டரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "சார், பிரேக்கு போடட்டுமா? வாயத் தொறந்து சொல்லுங்க சார்!" என்று மளிகைக் கடைக்காரர் கத்தினார். எனக்குக் குரல் வரவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.

முன்னாள் ராணுவ நாயக் தணிகாசலம் அவர்களை, திண்டிவனம் மைதானத்தில் ராணுவத் தேர்வுக்காக ஓடிப் பழகும் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். நேரில் நாங்கள் வாடா போடாதான். அச்சில் ஏறுவதால் 'அவர்' என்கிறேன். உயிரோடு இருந்து படித்திருந்தால், "யாருடா அந்தப் பெரிய மனுஷன்?" என்று கேட்டிருப்பார்.

இருவருக்கும் ஊர் காணை. பள்ளியில் ஒரே வகுப்பு. உறவு எதுவும் கிடையாது, ஆனாலும் மச்சான். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்வது என்று முடிவு செய்தோம். அப்போது எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பட்டாளத்துக்குப் போகிறவன் முன்கையில் பெயரையும் ஊரையும் பச்சை குத்திக்கொள்ள வேண்டும். சண்டையில் முகம் சிதைந்தாலும் கையைப் பார்த்து உடம்பைச் சரியான வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற முன்யோசனை. பிணத்துக்கு விலாசம் எழுதி வைத்துக்கொண்ட அறிவாளிகள் நாங்கள்.

பக்கத்து ஊர்த் திருவிழாவில் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்தோம். ஒரே ஊசி. ஒருவனுக்கு முடிந்ததும் பச்சை குத்துகிறவர் அதைத் தன் லுங்கியில் துடைத்துவிட்டு அடுத்தவன் கையைப் பிடித்தார். தணிகாசலம் எனக்கு முந்தைய ஆள். அவர் சத்தமே போடவில்லை. நான் போட்ட கூச்சலில் புறப்பட்ட தேர் நிலைக்கே திரும்பிப் போய்விட்டது.

தேர்வில் அவர் தேறினார். நான் மார்பளவில் தோற்றேன். மூச்சை இழுத்தபோது மைதானத்தில் இருந்த மற்றவர்களுக்குக் காற்றே இல்லாமல் போயிற்று. அப்படியும் டேப் அசையவில்லை.

பயிற்சி முடியும் தறுவாயில் ரத்ததான முகாம் நடந்திருக்கிறது. முதல் ஆளாகப் போய்ப் படுத்தவர் அவர். சில நாள் கழித்து அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்கள். அதைப் பற்றி எனக்கு எழுதிய கடிதம் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

"மச்சான், எனக்கு ஒடம்புக்கு ஒன்னும் இல்ல. எல்லாரையும் விட ஜல்தியா ஓடுறேன். ஆனா ரத்தத்துல காமாலைக் கிருமி இருக்குதாம். ஹெபடைடிஸ் பி-ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பொறக்கும்போதே அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கலாம், பச்ச குத்துன ஊசியிலயும் வந்திருக்கலாம், உறுதியா சொல்ல முடியாதுன்றாரு டாக்டரு. நீயும் ஒரு தபா ரத்தத்தப் பாத்துடுடா."

நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? என் ரத்தத்தில் நுழைந்த கிருமி வழி தெரியாமல் கண்டாச்சிபுரத்தில் பஸ் ஏறிப் போய்விடும் என்று எழுதினேன். எழுதிவிட்டு என் முன்கையைப் பார்த்தேன். அன்று பிடித்த பயம் அது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

பாரக்கில் அவர் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் இடம் மாறிக்கொண்டார்கள். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்களாம். அவரைச் சண்டைக்கு அனுப்பவில்லை, ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். பதினேழு வருஷம் பூட்ஸும் கம்பளியும் எடுத்துக்கொடுத்தார். நடுவில் ஒரு பெண் பார்த்தார்கள். தாம்பூலம் மாற்றும் முன்பே அவராக உண்மையைச் சொன்னார். பெண்ணுக்குத் தடுப்பூசி போட்டால் போதும் என்றும் சொன்னார். பெண் வீட்டார் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்று, திண்டிவனத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார். பகலில் ஒரு ஏ.டி.எம். வாசலில் காவல், காலையில் மைதானம். ஓட வைக்க அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். இவருடைய வேலையே வேறு. தேர்வுக்குக் கிளம்புமுன் பையன்கள் கூட்டமாக உட்கார்ந்து ஒரே ரேசரில் முகம் மழித்துக்கொள்வார்கள். ஆளுக்கொன்று வாங்கினால் ஒற்றுமை குறைந்துவிடுமாம். இவர் அந்த ரேசரைப் பிடுங்கிக்கொள்வார்.

"அண்ணே, பார்டர்ல குண்டுக்கே பயப்பட மாட்டோம். பிளேடுக்குப் பயப்படச் சொல்றீங்களே?" என்று ஒருவன் நக்கலடித்தான்.

"குண்டு பட்டா ஒடனே தெரியும்டா. இது பட்டா இருபது வருஷம் தெரியாது. காமாலைன்னா கண்ணு மஞ்சளாவும்னு நெனைச்சிக்கினு இருக்கீங்க. எனக்கு ஒரு நாளும் ஆவல."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான். ரத்தத்துல இருக்குது."

மறுநாள் மைதானத்தில் பாதிப் பேர் இல்லை. வந்தவர்களும் அவர் தண்ணீர்க் கேனைத் தொடவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் போயிருந்தேன். நான் விடுவேனா? அவர் குடித்து மீதி வைத்த டீயை எல்லோர் எதிரிலும் வாங்கிக் குடித்தேன். "டேய், இந்த மாமா இருபது வருஷமா இவன் எச்சிலக் குடிக்கிறேன். எனக்கு வந்ததெல்லாம் அழகு மட்டும்தான்!" என்றேன். பையன்கள் உருண்டு சிரித்தார்கள். போன கூட்டம் அடுத்த வாரம் திரும்பி வந்தது. பல பேர் பரிசோதனை செய்துகொண்டார்கள், மூன்று தவணைத் தடுப்பூசியும் போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது தவணைக்கு டிமிக்கி கொடுத்தவனை வீட்டு வாசலில் போய் நின்று கூட்டி வருவார்.

அன்று கூட்டம் கலைந்ததும் மெதுவாகக் கேட்டார். "டீ குடிச்சதெல்லாம் சரி மச்சான். டெஸ்ட் எடுத்தியா?"

"என் ரத்தத்தப் பாத்தா மைக்ராஸ்கோப்பே சல்யூட் அடிக்கும்டா."

"எடுக்கலியா?"

"எடுக்குறேன், எடுக்குறேன். சும்மா பேஜாரு பண்ணாத."

அவர் ஒவ்வொரு வருஷமும் கேட்டார். நான் ஒவ்வொரு வருஷமும் ஒரு புது ஜோக் சொன்னேன்.

மாத்திரையும் பரிசோதனையும் தவறாமல் பார்த்துக்கொண்டவர்தான். இருந்தும் போன மழைக்காலத்தில் ஈரலில் கட்டி என்றார்கள். வயிறு வீங்கி, விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் டிரைவிங் ஸ்கூலிலிருந்து பத்து நிமிஷ தூரம். ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தேன். அந்த வயிற்றைப் பார்த்தபோது என் வயிற்றைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரே ஊசி அல்லவா? அதற்குப் பிறகு நான் போகாததால் அவரே போன் செய்தார்.

"மச்சான், வந்துட்டுப் போயேன்டா. பேச்சுத்துணைக்கு ஆள் இல்ல."

"வண்டி இல்லடா" என்றேன். வாசலில் மூன்று கார் நிறுத்தி வைத்திருக்கும் நான் சொன்னேன். வாழ்நாளில் ஆயிரம் புளுகு புளுகியிருக்கிறேன். அவர் நம்புவதுபோல் நடித்தது இந்த ஒன்றைத்தான்.

"சரி மச்சான். வேலையப் பாரு."

இருபத்தாறு நாள் நான் போகவில்லை.

சுடுகாடு வரைக்கும் போய்த் திரும்பியதும் செல்வி அக்கா சொன்னார். "உன்னத்தான் கேட்டுக்கினே இருந்தான்பா. கதவு சத்தம் கேட்டா திரும்பிப் பாப்பான். அவனத் திட்டாதக்கா, அவன் பயந்தாங்கொள்ளின்னான்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் நாள், விழுப்புரத்தில் யாருக்கும் தெரியக் கூடாதென்று, பஸ் ஏறித் திண்டிவனத்தில் ஒரு லேபுக்குப் போய்க் கையை நீட்டினேன். ரத்தம் எடுத்த பெண், "கூட யாரும் வரலீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சாயங்காலம் தாளைக் கொடுத்தாள். "ஹெபடைடிஸ் பி இல்லீங்க. தடுப்பூசி மட்டும் போட்டுக்கோங்க. சந்தோஷமா போங்க."

இருபத்தைந்து வருஷம் ஒன்றுமில்லாத ஒன்றுக்குப் பயந்திருக்கிறேன். அந்தப் பயத்தில் ஒரு மனிதரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாக விட்டிருக்கிறேன். இந்தச் செய்தியைக் கேட்டு என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டிருக்கக்கூடிய ஒரே ஆளுக்கு அதைச் சொல்ல வழியில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று அந்தத் தாளை நாலு முறை படித்தேன்.

போன ஞாயிறு மைதானத்துக்குப் போனேன். "மாமா வந்துட்டாருடா!" என்று பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பரிசோதனைக்குப் பயந்தது, வண்டி இல்லை என்றது, இருபத்தாறு நாள் எல்லாம் சொன்னேன். அவர்கள் முகத்தில் சிரிப்பு தயாராக இருந்தது. கடைசியில் ஜோக் வரும் என்று காத்திருந்தார்கள். நான் முடித்துவிட்டேன். ஒருவன் மட்டும் சிரித்தான், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவனே கேட்டான். "டெஸ்ட்டுக்கு எங்க போவணும் மாமா?"

சொன்னேன். ஏழெட்டுப் பேராக எழுந்து போனார்கள். மற்றவர்களும் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அது மிகப் பெரிய மைதானம். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

போய் வாருங்கள், தணிகாசலம்.