மீட்டர்காரரின் தொப்பி

அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை மின்சார மீட்டர் பார்க்க வந்துகொண்டிருந்தவர் மெலிந்த மனிதர். வெயில் நாளிலும் கையில் குடை இருக்கும்; அது நாய்களுக்காக. மீட்டரைக் குறித்த பிறகும் உடனே போகமாட்டார். என் கொடித்தோடைப் பந்தலை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.

பந்தல் நிறையப் பூத்தும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. சாணமும் சாம்பலும் போட்டுச் சலித்துப்போய், கொடியை வெட்டிவிட நான் கத்தி எடுத்த அன்று மதியம் அவர் வந்தார்.

"இத எங்க இருந்து கொண்டாந்து வச்சீங்க, சேர்?"

"பக்கத்து வீட்டுக் கொடியிலதான் தண்டு வெட்டி நட்டனான். அங்கயும் காய் இல்லை."

"அப்ப ரெண்டும் ஒரே கொடிதானே. நான் நெனச்சது சரி. இந்த மஞ்சள் பெஷன் புரூட்டுக்கு வேற கொடிப் பூ வேணும், சேர்."

தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஒரு பூ இருந்தது. கீழ்த் தெரு வீடொன்றில் பறித்ததாம். அதை என் பூக்களின் நடுவில் ஒவ்வொன்றாக மெல்லத் தேய்த்தார். பிறகு என் பூ ஒன்றைப் பறித்துத் தொப்பிக்குள் வைத்து, பத்திரமாகத் தலையில் போட்டுக்கொண்டார்.

"அது என்னத்துக்கு?" என்றேன்.

"அவங்களும் கத்தியோடதான் நிக்கிறாங்க, சேர்."

அடுத்த மாதம் மீட்டர் பார்க்க வேறொருவர் வந்தார். அதற்குள் எனக்கு ஒன்பது காய்கள் பிடித்திருந்தன. இப்போதும் கீழ்த் தெருவில் நடக்கும்போதெல்லாம், மதில்களுக்கு மேலே ஏதாவது காய் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறேன்.