கண்ணாடிக்குள் வந்த திமிங்கலம்

போன வருஷம் மழைக்காலத்தில் நடந்தது இது. கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீடு. வாசலிலேயே வெல்டிங் பட்டறை வைத்து கேட், கிரில் செய்கிறேன். அதிகம் படித்தவன் இல்லை. ஆனாலும் பிள்ளைகளே, நான் கண்ணால் பார்த்த இதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

நாலாவது படிக்கும் என் மகள் மீது வெந்நீர் கவிழ்ந்துவிட்டது. வலது முழங்காலில் தோல் வெந்துபோனது. பங்காருபேட்டையைத் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண்ணைவிடக் கட்டுப் பிரிப்பதுதான் கொடுமை. பழைய துணியை எடுத்து, கழுவி, முழங்காலை மடக்கி நீட்ட வேண்டும். அவளோ தொட்டாலே அலறுவாள், காலை விறைத்துக்கொள்வாள்.

"மடக்காம விட்டா தோலு இழுத்துக்கும். அப்புறம் நொண்டித்தான் நடக்கணும்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் நர்ஸம்மா பெட்டி மாதிரி ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். முகத்தில் மாட்டினால், திரும்புகிற பக்கமெல்லாம் கடல்தானாம். மனசு அங்கே போய்விட்டால் வலி குறையுமாம். வலிக்கு மருந்தும் கொடுத்தார்கள்தான். ஆனாலும் வெந்த காலுக்கு விளையாட்டுச் சாமான் என்ன செய்யும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மாட்டினார்கள். கட்டைத் தொட்டதும் அதே அலறல்.

"இன்னா தெரியுது கண்ணு?" என்றார் நர்ஸம்மா.

"ஒண்ணும் தெரியல. இருட்டா கீது!"

மெஷின் ரிப்பேரோ என்று கழற்றினால், மகள் கண்களை இறுக மூடியிருந்தாள்.

"பளிச்சுனு வெளிச்சம் வந்துச்சு. அதப் பாக்கக் கூடாதுன்னு அப்பாதானே சொல்லிச்சு" என்றாள்.

வெல்டிங் வெளிச்சம் அடித்தால் உடனே கண்ணை மூடு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே அது பழகிவிடும்.

"நல்லா வளத்துக்கிறீங்க, போங்க!" என்று நர்ஸம்மா சிரித்தேவிட்டார்.

மறுபடி மாட்டினார்கள். நான் குனிந்து, "இது பட்டறை வெளிச்சம் இல்லம்மா. தொறந்து பாரு" என்றேன்.

அலறல் நின்றது. கண்ணாடிக்குக் கீழே அவள் வாய் மெல்லத் திறந்தது. கை தானாக எழுந்து காற்றில் எதையோ தடவியது. இந்தப் பக்கம் கட்டைப் பிரித்து, சிவந்த புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பார்த்த எனக்கே கால் கூசியது. தாங்க முடியாமல், "வலிக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"லேசா. சும்மா இருப்பா, திமிங்கலம் வருது. அம்மாடி, ரயிலாட்டம் எவ்ளோ நீளம்!"

நர்ஸம்மா சட்டென்று, "தண்ணிய ஒதைச்சுக்கினே கிட்ட போ கண்ணு" என்றார்.

உதைத்தாள். இத்தனை நாளாக அசையாத முழங்கால் மடங்கியது, நீண்டது, மறுபடி மடங்கியது. அவள் பார்த்த கடல் எனக்குத் தெரியவில்லை. அந்த முழங்கால் தெரிந்தது. யாரை என்று தெரியாமலே கைகூப்பி நின்றேன்.

இப்போது நொண்டாமல் ஓடுகிறாள். நெருப்பில் காட்டினால் இரும்பு எப்படி வளையும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால், வெந்த காலைக் கட்டில் மேல் விட்டுவிட்டு ஒரு பிள்ளையின் மனசு கடல்வரை நீந்திப் போகும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.