வண்டியைக் குனியவைத்த காந்தா

கீழ்க்கட்டளையில் காந்தா ஒரு வீடு வாங்கியதைப் பொறுத்துக்கொண்டவர்களால்கூட, அவளுடைய வண்டியைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வீடு கதவுக்குள் அடங்கிவிடும். வண்டி அப்படி அடங்குமா? பழைய டெம்போ டிராவலர். வெள்ளை என்று சொன்னால் நம்பவேண்டிய ஒரு நிறம். தினமும் மத்தியானம் இருமிக்கொண்டே வந்து, பளபளக்கும் கார்களுக்கு நடுவில், பத்திரத்தில் அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்த இடத்தில் நிற்கும். அந்த அப்பார்ட்மெண்டில் பன்னிரண்டு குடும்பம். பதினோரு குடும்பத்துக்கு அது கண்ணில் விழுந்த தூசி.

காந்தா கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்தவள். கல்யாணமான மறுவருஷமே தலையில் மீன்கூடை ஏறிவிட்டது. கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், குரோம்பேட்டை என்று தெருத்தெருவாக நடந்து விற்றாள். வெயிலையும் மழையையும் அவள் ஒருநாளும் திட்டியதில்லை. அவள் திட்டியதெல்லாம் ஷேர் ஆட்டோக்காரர்களைத்தான். கூடையைப் பார்த்ததும் வேகம் எடுப்பார்கள். நாற்றமாம். அதே மீனை எண்ணெயில் போட்டால் மட்டும் ஊரே மூக்கை நீட்டிக்கொண்டு வரும். ஒருநாள் மேடவாக்கத்தில் ஒருவன் அவள் கூடையைக் காலால் தள்ளி இறக்கினான். நடுரோட்டில் கொட்டிய இறாலை அள்ளியபடியே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கழுத்துச் சங்கிலி வண்டியாக மாறியது.

வண்டிக்கு வைத்த டிரைவர் வாரத்தில் பாதி நாள் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான். காந்தா தானே ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கினாள். அன்றிலிருந்து குப்பத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அவள் வண்டியில்தான் வருவார்கள், போவார்கள். அவர்களைத் தெருமுனைகளில் இறக்கிவிட்டு அவளும் விற்பாள். மத்தியானம் எல்லாரையும் குப்பத்தில் விட்டுவிட்டு, காலி வண்டியோடு வீடு திரும்புவாள். புருஷன் ஜீவானந்தம் படகில் தனக்கிருந்த பங்கை விற்றான். அதோடு அவள் சேர்த்ததையும் போட்டு வாங்கியதுதான் கீழ்த்தள வீடு. வீட்டோடு, தூண்களுக்கு நடுவில் ஒரு வண்டி நிறுத்துமிடமும் வந்தது.

அசோசியேஷன் செக்ரட்டரி சிட்டிபாபு இன்சூரன்ஸ் வேலையில் ரிட்டையர் ஆனவர். பல வருஷமாகக் காந்தாவிடம் வஞ்சிரம் வாங்கியவர். "காந்தா, நல்லதாப் பாத்துக் குடும்மா" என்று வாசல் கம்பிக்கு உள்ளே நின்று தட்டை நீட்டுவார். அதே காந்தா சாவியோடு உள்ளே வந்த நாளில் அவர் முகம் ஒரு முழம் நீண்டது. நல்ல மனிதர்தான் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களையும் நமக்குத் தெரியும்.

ஒருநாள் காந்தா திரும்பி வந்தபோது, வண்டிகள் உள்ளே போகும் வழியில், தூணுக்குத் தூண் குறுக்கே ஒரு இரும்புப் பைப்பை வெல்டு வைத்திருந்தார்கள். மஞ்சளும் கறுப்புமாகப் பெயிண்ட் வேறு. பதினோரு கார்களும் தாராளமாகப் போகும் உயரம். காந்தாவின் வண்டிக்கு மட்டும் நாலு விரற்கடை குறைந்தது. அளந்து வைத்தவர் நன்றாகவே அளந்திருந்தார்.

"இன்னா சார் இது?"

"சேஃப்டி, காந்தா. பெரிய வண்டி பீம்ல இடிச்சா பில்டிங்குக்கே ஆபத்து."

"வீடு வாங்கினதுலேர்ந்து வந்துகினு போய்கினுதான் கீது. ஒரு நாளாவது இடிச்சிதா?"

"இடிச்சப்புறம் வெச்சா அதுக்குப் பேரு சேஃப்டி இல்லம்மா." சிட்டிபாபு சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் காந்தாவின் கோபத்தைக் கிளப்பியது.

வண்டி தெருவில் நின்றது. முதல் வாரம் வைப்பர் உடைந்தது. அடுத்த வாரம் யாரோ சாவியால் பக்கவாட்டில் 'நாத்தம்' என்று கீறிவைத்தார்கள். நல்ல கையெழுத்து, படித்த பிள்ளைதான். அப்புறம் வாட்ஸாப் குரூப்பில் ஒரு தீர்மானம் வந்தது. வண்டி நிறுத்தாமல் சும்மா கிடக்கும் இடம் பொது இடமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் சொந்தக்காரர் தன் வண்டியை உள்ளே நிறுத்திக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் அங்கே டேபிள் டென்னிஸ் மேஜை வரும். சும்மா கிடந்த இடம் அந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான். பதினோரு பேரும் கட்டை விரலைத் தூக்கினார்கள்.

"தெருவுலயே நிறுத்திக்கலாம், வுடு" என்றான் ஜீவானந்தம். கடலில் அலைக்குப் பயப்படாதவன், பேன்ட் போட்டவர்களைக் கண்டால் பம்முவான். காந்தாவின் தம்பி கோபு, கட்டிங் மெஷினோடு வருவதாகச் சொன்னான்.

"நம்ம அறுக்கணும்னுதாண்டா அவன் வெச்சிக்கிறான்" என்றாள் காந்தா. "அறுத்தா போலீச இட்டாந்துருவான். நான் என் வண்டியோட என் எடத்துக்குள்ள போவணும். அவ்ளோதான்." பைப்பை அசைக்க முடியாதென்றால் வண்டியை இறக்கவேண்டும். ஒரு கயிற்றைப் பைப்பிலிருந்து தரைவரை தொங்கவிட்டு, அந்த அளவில் முடிச்சுப்போட்டு எடுத்துக்கொண்டாள்.

பல்லாவரத்தில் ஜாய்சனின் பட்டறை. லாரிக்கும் வேனுக்கும் அடியில் பாரம் தாங்குகிற வில் தகடுகளை, கமான் பட்டை என்பார்கள், கழற்றி மாட்டுவதுதான் அவன் தொழில். வாடிக்கையாளர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவன்.

"எல்லாரும் வண்டிய ஏத்தித் தா, பட்டை சேத்துப் போடுன்னு வராங்க. நீ இன்னாடான்னா எறக்கித் தாங்கற" என்றான். "பட்டைய எடுத்தா வண்டி தொங்கும். லோடு ஏறினா இன்னும் தொங்கும். ஸ்பீடு பிரேக்கர்ல அடி வாங்கினு எங்கிட்ட வந்து அழாத."

"நான் அழற ஆளா? எட்றா பட்டைய."

"அதுக்குப் பேசாம டயர்ல காத்தப் புடுங்கிக்கினு உள்ள போ."

"தெனம் காத்தப் புடுங்கி, தெனம் அடிச்சிக்கினு இருந்தா டியூபு கிழியும். தெரிஞ்சிகினே சொல்றியா, தெரியாம சொல்றியா?"

சனிக்கிழமை அவன் ஒவ்வொரு கட்டிலிருந்தும் இரண்டு பட்டைகளை உருவினான். மீதியைத் தட்டி வளைவைக் குறைத்து, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டைப் போட்டு இறுக்கினான். சாயங்காலம் காந்தா வண்டியெடுக்கப் போனபோது குப்பத்துப் பெண்களும் கூடவே போனார்கள். அவர்கள் வீடு போகவேண்டாமா? நாளெல்லாம் நின்று விற்ற கால் வலியில், ஜாய்சன் கையைத் துடைத்து முடிப்பதற்குள் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னலோரம் தனக்கோடி. அவர்களிலேயே மூத்தவள், உடம்பிலும் வாயிலும் பெரியவள். காந்தா கயிற்றைக் கூரையோடு பிடித்துப் பார்த்தாள். முடிச்சுக்கு ஒரு விரல் கீழே நின்றது கூரை.

"எல்லாம் ஒரு தபா எறங்குங்க, இன்னொரு வாட்டி பாத்துரலாம்" என்றான் ஜாய்சன்.

"எதுக்கு? நாங்க இல்லாத இந்த வண்டி எங்க போவப் போவுது?" என்றாள் காந்தா. பெருமையாகத்தான் சொன்னாள். அவள் கண்ணுக்கு அந்த வண்டி என்றைக்கும் ஆளும் கூடையும் நிறைந்த வண்டிதான். தினம் மத்தியானம் காலியாக வீடு திரும்புகிறோம் என்பது அவளுக்கு அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை. ஜாய்சனும் தோளைக் குலுக்கிவிட்டு விட்டுவிட்டான்.

அன்று இரவு குப்பத்திலேயே அக்கா வீட்டில் தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கு விடியும் முன்னே கிளம்பவேண்டும். வழி நெடுக ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் வண்டியின் அடி டங்கென்று இடித்தது. உள்ளே இருந்தவர்கள் முதலில் சிட்டிபாபுவைத் திட்டினார்கள். மேடவாக்கம் தாண்டியதும் காந்தாவைத் திட்டினார்கள். அவர்களைக் கீழ்க்கட்டளையில் இறக்கிவிட்டு, பத்து மணிக்குக் காலி வண்டியோடு அப்பார்ட்மெண்ட் கேட்டுக்குள் திரும்பினாள்.

எல்லாரும் இருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ கப்புகள், பால்கனிகளில் பிள்ளைகள். காந்தா யாரையும் பார்க்காமல் வண்டியை மெல்ல விட்டாள். கண்ணாடி தாண்டியது. கூரையின் முன்விளிம்பு பைப்பில் ணங்கென்று முட்டியது. இறங்கி வந்து பார்த்தாள். ஒரு விரல்தான் தடை. ஒரே ஒரு விரல். அப்போதுதான் சனிக்கிழமை சாயங்காலம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அவள் மனக்கண்ணில் வந்து போனார்கள். தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மேலே யாரோ சிரித்தார்கள். "ஆன்ட்டி, டயர்ல காத்த எறக்குங்க" என்று ஒரு பையன் கத்தினான். அவர்கள் முன்னால் டயரடியில் குனிந்து உட்கார காந்தாவுக்கு மனமில்லை.

"ட்ரை பண்ணியாச்சு, காந்தா" என்றார் சிட்டிபாபு. குரலில் கருணை வேறு. "எல்லாரும் பாத்தாங்க. மீட்டிங்ல எழுதிக்கலாமா?"

"இருங்க சார். பத்து நிமிஷம்."

"டைம் ஆயிடுச்சு. எல்லாருக்கும் வேலை இருக்கு."

"பத்து நிமிஷம்னு சொல்றேன்ல?" என்ற குரலில் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

போனில் தனக்கோடியைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் அலைமோதும் நேரம். கடையைப் போட்டது போட்டபடி வா என்று வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் தனக்கோடி அவர்கள் பரம்பரையையே இழுத்திருப்பாள். காந்தாவின் குரலைக் கேட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு, மற்றவர்களையும் கூப்பிடக் கிளம்பிவிட்டாள். பக்கத்துத் தெருக்களிலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். தலையில் கூடை, கையில் கத்தியும் பலகையும், கால்களில் செதில். வாசல் கம்பியைத் தாண்டி அவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நாற்காலிகள் தாமாகவே பின்னால் நகர்ந்தன.

ஒவ்வொருத்தி ஏறும்போதும் வண்டி முனகிக்கொண்டு தாழ்ந்தது. கடைசியாகத் தனக்கோடி ஏறினாள். அவள் ஏறியதும் வண்டி குனிந்தே விட்டது. காந்தா கியரைப் போட்டாள். பைப்புக்கு அடியில் கூரை சத்தமில்லாமல் நுழைந்து, தூண்களுக்கு நடுவே போய், தன் இடத்தில் நின்றது. இஞ்சினை அணைத்தாள்.

"இது செல்லாது" என்றார் சிட்டிபாபு. முகம் சிவந்திருந்தது. "ஆளை ஏத்திகிட்டு வர்றதெல்லாம் கணக்கு கிடையாது."

"வண்டி உள்ள நிக்கணும்னுதான சொன்ன? நிக்குது."

பெண்கள் இறங்கினார்கள். பாரம் போகப் போக, பட்டை குறைந்த வண்டி விரல் விரலாக எழும்பி, மறுபடி பைப்பை விட உயரமாக நின்றது. சிட்டிபாபு அதைப் பார்த்தார். வண்டியையும் பைப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பழைய சிரிப்பு முகத்துக்குத் திரும்பியது.

"உள்ள வந்தாச்சு. வெளிய எப்படிப் போவ?"

காந்தாவுக்கும் அந்த நிமிஷம்தான் அது விளங்கியது. தப்பான அளவே இப்போது அவளுக்குத் துணைக்கு வந்துவிட்டது. கொழுப்பாகவே வண்டியில் சாய்ந்துகொண்டாள்.

"அதான் சார் நானும் யோசிக்கிறேன். இவங்க வந்து உக்காந்தாதான் வண்டி வெளிய போவும். விடியக்காலம் எடுக்கணும்னா இவங்க இங்க இருக்கணும். குப்பத்துலேர்ந்து அந்நேரத்துக்கு எப்பிடி வருவாங்க? ராத்திரி இங்கயே படுத்துக்கட்டும். எடம் தாராளமா கீது."

"இங்கயா?"

"என் எடத்துலதான் சார். உங்க எடத்துல ஒரு காலு படாது."

தனக்கோடி கூடையை இறக்கி, டேபிள் டென்னிஸ் மேஜை வரவிருந்த இடத்தில் வைத்தாள். ஐஸ் தண்ணீர் கசிந்து டைல்ஸில் கோடு போட்டது. "கரண்ட்டு எங்க கீது? எனுக்கு ஃபேன் இல்லாத தூக்கம் வராது" என்றாள். சிட்டிபாபுவைப் பார்த்து, "தண்ணி பைப்பு எந்தப் பக்கம் சார்?" என்றும் கேட்டாள்.

முதல் மாடி ஸ்ரீவித்யாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அங்கிள், ப்ளீஸ், அந்த ராடை எடுத்துடுங்க" என்றாள். வாட்ஸாப் தீர்மானத்துக்கு முதல் கட்டை விரலைத் தூக்கியவள் அவள்தான். மற்றவர்களும் ஆளுக்கு ஒரு குரலாகச் சேர்ந்துகொண்டார்கள். அன்பினால் இல்லை. காந்தாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு வண்டியைச் சகித்துக்கொள்வதைவிட பத்துப் பெண்களைச் சகித்துக்கொள்வது கஷ்டம், அவ்வளவுதான்.

வெல்டிங்காரன் வந்தான். அன்றைக்குப் பைப்பை வைத்தவனும் அவனேதான். ஏணியை அசையாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றான். யாரும் நகரவில்லை. கடைசியில் சிட்டிபாபுவே போய்ப் பிடித்தார். பொறி பறந்து அவர் வேட்டியில் விழுந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பைப் தரையில் விழுந்து உருண்ட சத்தத்தைக் கேட்டும் காந்தாவின் கோபம் இம்மியும் குறையவில்லை. ஜெயித்துவிட்டால் ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை.

"திருப்திதானே?" என்றார் சிட்டிபாபு, வேட்டியைத் தட்டிக்கொண்டே.

"இத்தினி வருசமா உன் வாசல்ல கூடைய எறக்கினேன். உள்ள வாம்மான்னு நீ ஒரு நாளும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல" என்றாள் காந்தா. "இன்னிக்கும் உன் வூட்டுக்குள்ள வுடுன்னு கேக்கல சார். என் எடத்துல நிக்கறதுக்கு என்னக் குனியச் சொன்ன பாரு, அத நான் மறக்க மாட்டேன்."

பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு விட்ட வியாபாரத்தைப் பார்க்கப் போனார்கள். காந்தா மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, காலி வண்டியை வெளியே எடுத்தாள். தெருவில் ஒரு வட்டம் அடித்துவிட்டு, திரும்பவும் காலியாகவே உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள்.