குண்டக்கல் முத்திரை

"இறங்கிட்டேன்." தபால் அட்டையில் அந்த ஒரே சொல். முத்திரை: குண்டக்கல், 17 ஜூன் 1994. முகவரி மட்டும் நான் எழுதியது. ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த ஓர் அநாதைப் பெண்கள் இல்லத்தின் முகவரி அது. அங்கே அப்போது நான் தட்டச்சராக இருந்தேன்.

பதினெட்டு வயது கடந்த பெண்களுக்கு வார்டன் அம்மா கல்யாணம் முடித்து வைப்பார். அந்த ஆண்டுகளில் வரன்கள் மேற்கேயிருந்து வந்தன, புனே பக்கம் என்பார்கள். மாப்பிள்ளை யாரும் வந்ததில்லை. எல்லோரும் 'மாமா' என்று அழைத்த ஒரு தரகர் போட்டோ கொண்டுவருவார், பெண்ணைப் பம்பாய் ரயிலில் கூட்டிப்போவார், கல்யாணம் அங்கேதான். போகிறவள் பையில் முகவரி எழுதிய மூன்று அட்டைகளை வைப்பது இல்லத்து வழக்கம். சேர்ந்ததும் ஒன்று, ஆறு மாதத்துக்குள் ஒன்று, வருடம் முடிந்ததும் ஒன்று. வந்த அட்டைகளைக் கோப்பில் கட்டுவது என் வேலை.

தையல் டீச்சர் அந்த இல்லத்திலேயே வளர்ந்தவர். வயது இருபத்தொன்று. வேன் டிரைவர் மயிலாப்பூரில் ஓர் ஆண்கள் இல்லத்தில் வளர்ந்தவர். தையல் அறை ஜன்னலுக்கு நேராக நிறுத்தித்தான் வேனைக் கழுவுவார்.

"இன்னாபா, யானையா குளிப்பாட்டுறே? பெயின்ட்டே போயிடப் போவுது" என்று உள்ளிருந்து குரல் வரும்.

"போனா இன்னா, நீ ஒரு சட்டை தெச்சுப் போடேன்."

தையல் மிஷின் நின்று சிரிப்புக் கேட்கும்.

அந்த மே மாதம் மாமா டீச்சருக்கே வரன் கொண்டுவந்தார். டிரைவர் வார்டன் அம்மாவிடம் போய்ப் பெண் கேட்டார்.

"பொண்ணு கேக்க உனக்கு யாருப்பா இருக்கா?"

"அவளுக்கும்தான் யாரும் இல்லியேம்மா."

"அவளுக்கு நான் இருக்கேன்." வேன் சாவி அன்றே பறிக்கப்பட்டது. டீச்சர் கேட்டைத் தாண்டக் கூடாது என்றும் உத்தரவாயிற்று. வார்டன் அம்மா கெட்டவர் அல்ல. ஒரு பெண்ணுக்கு வீடு தருகிறோம் என்று நம்பினார்.

டீச்சருக்கான அட்டைகளை எழுத உட்கார்ந்தபோதுதான் பழைய கோப்பைப் புரட்டினேன். வெவ்வேறு மாதங்களில் போன மூன்று பெண்கள். அவர்களுடைய முதல் அட்டைகள் அவரவர் கையெழுத்தில் இருந்தன. இரண்டாவது அட்டைகள் மூன்றிலும் 'நலமாக இருக்கிறேன்' என்று ஒரே கையெழுத்து; முத்திரையிலும் ஒரே தேதி. மூன்றாவது அட்டை ஒருத்தியிடமிருந்தும் வரவில்லை. வார்டன் அம்மாவிடம் காட்டினேன். "எவளாவது எழுதிக் குடுத்திருப்பா, வேலையைப் பாருங்க" என்றார். இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, டீச்சரை அனுப்பிவைக்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். இன்றும் அதை நினைத்தால் விரல் கூசுகிறது.

மறுநாள் அந்த அட்டைகளை டீக்கடைக்கு எடுத்துப்போய் டிரைவரிடம் காட்டினேன். "மூணு பேருக்கும் ஒரே கையா கீதே சார்" என்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது. "டீச்சர் கைல சொல்லிட்டியா?" சொல்லியிருக்கவில்லை. அன்று மாலையே தையல் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் அழவில்லை. "ரயில் எங்கெங்க நிக்கும் சார்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் கால அட்டவணை இருந்தது. நடுவழியில் வரும் குண்டக்கல் உட்பட, நிறுத்தங்களை எழுதிக் கொடுத்தேன். டிரைவருக்கும் ஒரு பிரதி. டீச்சர் மூன்று அட்டைகளில் இரண்டைத் திருப்பித் தந்தார். "ஒண்ணு போதும்."

ஜூன் 15, சென்ட்ரல். ஜன்னலோரம் டீச்சர், பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு மாமா. பிளாட்பாரம் முழுக்கத் தேடினேன், டிரைவரைக் காணவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. மாமாவும் இல்லத்துப் பக்கம் வரவில்லை. முன்பு போன மூவருக்கும், மாமா கொடுத்திருந்த மாப்பிள்ளை வீட்டு முகவரிகளுக்கு நான் எழுதிய கடிதங்கள், அப்படி யாரும் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தன.

இப்போது குண்டக்கல் அட்டை என் மேஜையில் இருக்கிறது, அதன் கீழே எழுதப்படாத இரண்டு. அந்த ஒற்றைச் சொல் டீச்சரின் கையெழுத்துதான். அவருடைய தையல் அளவு நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். டிரைவர் அந்த ரயிலில் ஏறினாரா என்பது மட்டும் இதுவரை உறுதிப்படவில்லை.