என் லொறியில் அடிபட்ட பிள்ளையை முருகன் எழுப்பித் தந்தான்

அடியார்களே, நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் கதை இல்லை. ஒரு பிள்ளையை லொறியால் அடித்தவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு முருகன் செய்த உதவியை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

எனக்கு ஊர் சித்தாண்டி. பல வருடங்களாக வாகரையிலிருந்து மட்டக்களப்புச் சந்தைக்கு மீன் ஏற்றி ஓடுகிறேன். ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டும். அதனால் பறப்பேன். எங்கள் முருகன் கோயிலைத் தாண்டும்போது ஒரு கையால் கும்பிடுவேன். ஆனால் வேகம் குறையாது. என் பக்தி அவ்வளவுதான்.

சென்ற வருடம் தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தன்னாமுனையை நெருங்கும் முன் றோட்டோரம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதற்கு முன்னால் நின்ற பஸ்ஸை முந்தினேன். பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை வெளியே வந்தது. பிரேக்கை மிதித்தேன். லொறி நிற்கவில்லை, இழுத்துக்கொண்டு போனது. ஒரு சத்தம் கேட்டது.

எட்டு வயதுப் பெண்பிள்ளை. அபிஷா என்ற பெயர் பிறகுதான் தெரியும். கண் மூடிக் கிடந்தாள். ஒரு காலில் சப்பாத்து இல்லை. என் மகளுக்கும் அதே வயது. கூடிய சனம் என்னை அடித்தது. எனக்கு நோகவில்லை. பிள்ளையை ஓட்டோவில் ஏற்றிப் போனார்கள். என்னைப் பொலிஸ் கொண்டு போனது.

அன்று பகல் முழுவதும் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் குந்தியிருந்தேன். பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. போன் அடித்த ஒவ்வொரு தடவையும் பொலிஸ்காரரின் முகத்தைப் பார்த்தேன். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அங்கே வைத்துத்தான் நான் முதல் தடவையாக உண்மையாகக் கும்பிட்டேன். என்னைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. முருகா, அந்தப் பிள்ளை கண் திறக்கட்டும். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அடுத்த நாள் பிணையில் விட்டார்கள். வெளியே என் மனைவி சுகந்தி நின்றாள். "புள்ளைக்கு இன்னும் நினைவு வரல்ல" என்றாள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் அபிஷாவின் தாய் நிலத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"என்னத்துக்கு வந்த நீங்க?"

"தங்கச்சி, முருகனுக்கு நேர்ந்திருக்கன். புள்ள எழும்பினா காவடி எடுக்கிறன்."

"காவடி எடுங்க, எடுக்காம விடுங்க. நீங்க மெதுவா வந்திருந்தா எண்ட புள்ள இப்ப இதுக்குள்ள கிடக்க மாட்டாள். போய் உங்கட முருகனுக்கிட்ட அதச் சொல்லுங்க."

அங்கிருந்து கோயிலுக்கு வந்து, அவர் சொன்னதை அப்படியே முருகனிடம் சொன்னேன். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இனி வேகமாக ஓட மாட்டேன், மற்றவர்களையும் ஓட விடமாட்டேன் என்று நேர்ந்தேன்.

ஒவ்வொரு நாளும் சுகந்தி தேநீர் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். முதல் நாள் அந்தத் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் ஒரு கப் வாங்கினாராம். நான் கோயில் வீதியிலேயே கிடந்தேன். ஐந்தாம் நாள் மத்தியானப் பூசை முடிகிற நேரம் சுகந்தி போன் எடுத்தாள். பேச முடியாமல் அழுதாள். முடிந்துவிட்டது என்று நினைத்து அப்படியே மணலில் இருந்துவிட்டேன்.

"இஞ்சருங்க, புள்ள கண் முழிச்சிட்டுது! எண்ட சப்பாத்து எங்கெண்டு தாய்க்கிட்ட கேக்குது!"

முருகா என்று கத்தினேன். கோயிலில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அபிஷாவின் உடைந்த கால் பொருந்தப் பல மாதம் எடுத்தது. இப்போதும் ஓடும்போது கொஞ்சம் இழுக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நீதிமன்றம் என் லைசன்சை நிறுத்தி வைத்தது. அந்த மாதங்களில் காலையில் பிள்ளைகளை றோட்டுக் கடத்திவிட அனுமதி கேட்டு அந்தப் பள்ளிக்கூட அதிபரிடம் போனேன். அவர் தயங்கி அபிஷாவின் தாயைக் கூப்பிட்டுக் கேட்டார். "நிக்கட்டும் சேர். அந்த வேகம் என்ன செய்யுமெண்டு இவருக்குத் தெரியுந்தானே" என்றார் அந்தத் தாய்.

சிவப்புத் துணியோடு நின்றேன். அப்போதுதான் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து அந்த றோட்டைப் பார்த்தேன். ஹோன் சத்தம் கேட்டாலே பிள்ளைகளைக் கையால் மறிப்பேன். ஒரு காலை, மூன்று பிள்ளைகள் நடு றோட்டில் வரும்போது மண் ஏற்றும் டிப்பர் லொறி ஒன்று வேகம் குறையாமல் வந்தது. முருகா என்றபடி துணியை வீசிக்கொண்டு முன்னால் பாய்ந்தேன். டயர் தேய்ந்து மணத்தது. எனக்கு ஒரு முழம் தள்ளி டிப்பர் நின்றது. இறங்கியவன் என் கூட்டாளி ரவி.

"உனக்கென்ன விசரா மச்சான்? சாகப் போறியா?"

"நான் அடிச்ச புள்ள இந்தா இதுலதான் கிடந்தது ரவி. நீயும் என்னைப்போல பொலிஸ் வாங்கில இருந்து அழப்போறியா?"

அவன் பிள்ளைகளைப் பார்த்தான். டிப்பரில் ஏறி, மெதுவாகப் போனான். மறுகிழமை மற்ற டிப்பர்காரரையும் அவனே என்னிடம் கூட்டி வந்து, இந்த இடத்தில் மெதுவாக ஓடச் சொன்னான்.

வேகத்தடை கேட்டு அபிஷாவின் தாயும் நானும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி அரசாங்கத்துக்கு அனுப்பினோம். மாதக்கணக்கில் பதில் இல்லை. மழைக்காலம் வந்தால் ஈர றோட்டில் பிரேக் பிடிக்காதே என்று எனக்கு நித்திரை வரவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் முருகனிடம் போய் நின்றேன். ஆவணித் திருவிழாவில் காவடி எடுத்தேன். தாயும் பிள்ளையும் வந்து பார்த்தார்கள். ஐப்பசி மழைக்கு முன் ஆட்கள் வந்து பள்ளிக்கூடத்தின் இரண்டு பக்கமும் வேகத்தடை போட்டார்கள். முப்பதுக்கு மேல் போகாதே என்று பலகையும் நட்டார்கள்.

இப்போது மறுபடியும் மீன் ஏற்றுகிறேன். பள்ளிக்கூடங்களையும் வீடுகளையும் மெதுவாகத்தான் தாண்டுகிறேன். கொஞ்சம் பிந்தும். இதுவரை மீன் பழுதாகவில்லை.

அடியார்களே, என்ன ஆபத்திலும் முருகனை நம்பிக் கேளுங்கள். என்னைப்போன்றவன் கேட்டதற்கே இரங்கியவன் உங்களைக் கைவிட மாட்டான். ஆனால் கேட்டவுடன் எழும்பி வந்துவிடாதீர்கள். அவன் உங்களிடம் என்ன கேட்கிறான் என்றும் பொறுத்திருந்து கேளுங்கள். எனக்கு அந்தத் தாயின் வாயால் சொன்னான்.

சாவியைத் திருப்பும்போது இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் கேட்டுப் பயம் வருகிறது. அந்தப் பயத்தை எடுத்துவிடு என்று மட்டும் நான் முருகனிடம் கேட்பதில்லை.