ஆறே முக்கால் செய்தியும் ஒரு தகரக் கதவும்

மலைமேல் கக்கூஸ் கட்ட உத்தரவு போட்ட அதிகாரி மார்கழியில் ஒருநாளாவது அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்வராயன் மலையில் நான் தற்காலிக ஆசிரியராக இருந்த விடுதிப் பள்ளியில், எங்கள் குடியிருப்பிலிருந்து அறுபது தப்படி தள்ளி, சரிவின் விளிம்பில் அதை நிறுத்தியிருந்தார்கள். தகரக் கதவுக்குக் கீழே ஒரு சாண் சந்து. காற்று வேறு எங்கும் போகாமல் அந்தச் சந்துக்குள்தான் நுழையும். வாளித் தண்ணீர் பட்ட இடம் பள்ளி மணி அடிக்கும்வரை மரத்துக் கிடக்கும்.

இந்த அரண்மனைக்கு வரிசை வேறு. தலைமையாசிரியர், வார்டன், நிரந்தர ஆசிரியர், கடைசியில் நான். வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் இருந்த அதே வரிசை. யாரும் சட்டம் போடவில்லை. யாரும் மீறவும் இல்லை.

பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் காட்டுக்குப் போனார்கள். நான் போகமாட்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன். நீங்கள் ஓடைக்கரையில் ஒதுங்கினீர்கள், நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன் என்று எங்கள் ஊர் வடக்கனந்தலில் அம்மாவிடம் பீற்றிக்கொண்டு வந்தவன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததை மட்டும் சொல்லவில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்த வருஷங்கள் அவை. கீழே மரங்களை வெட்டிச் சாலையில் போட்டதில் மூன்று நாள் பஸ் இல்லை. வார்டனும் நிரந்தர ஆசிரியரும் கீழே சொந்த ஊரில் மாட்டிக்கொண்டார்கள். நான்காம் நாள் பஸ் ஓடியது. அன்று பத்து மணிக்குத்தான் கள்ளக்குறிச்சியில் எனக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. போனால் நிரந்தர வேலை, போகாவிட்டால் அது வேறொருவனுக்கு. ஏழு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது மதியம்.

ஆறரைக்கே கதவருகில் நின்றேன். உள்ளே தலைமையாசிரியர். சமவெளியைப் பார்த்த அந்த விளிம்பில்தான் ரேடியோ தெளிவாக எடுக்கும் என்பதால் டிரான்சிஸ்டரோடு போயிருந்தார். ஆறே முக்கால் செய்தி தொடங்கியதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல் தந்தியடிக்க, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

"இரு தம்பி. நியூஸ் போய்க்கினு இருக்குது. எல்லாருக்கும் அவங்கவங்க பங்கு வந்தாவணும், இன்னா சொல்ற?"

ஊருக்கெல்லாம் பங்கு கேட்ட மனிதர், இருந்த ஒரே பீங்கானில் எனக்கு ஐந்து நிமிஷம் தரவில்லை. வெளியே நின்ற நானும் "ஆமாங்க சார்" என்று பதில் சொன்னேன். அதுதான் இன்றும் என்னைக் கூசவைக்கிறது.

விறகோடு வந்த சமையல்காரர், மலைக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்ளோ காடு கெடக்குது, சாருக்கு மட்டும் எடமில்லியா?"

கீழே வளைவில் ஹாரன் கேட்டது. படிப்பும் பெருமையும் அங்கேயே நின்றன. நான் புதருக்கு ஓடினேன். பனி நனைத்த புல் குத்தியது. ஆனால் தகரச் சந்தின் காற்று அங்கே இல்லை; புதர் மறைத்தது. அந்தக் கட்டடத்தைவிட அது எவ்வளவோ மேல் என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்தது. சமையல்காரர் ரோட்டில் விறகோடு மறித்து நின்றதால் பஸ் கிடைத்தது. வேலையும் கிடைத்தது.

பழைய நிரந்தர ஆசிரியர் மாற்றலாகிப் போக, அடுத்த மார்கழியில் அதே பள்ளியின் பதிவேட்டில் என் பெயர் மூன்றாவது. எனக்குக் கீழே புதிதாக ஒரு தற்காலிக ஆசிரியர். ஒரு காலை உள்ளே உட்கார்ந்திருந்தபோது வெளியே அவன் இருமினான். புதர் எவ்வளவு சௌகரியம் என்று தெரிந்தவன் நான். எழுந்து போயிருக்கலாம், அவனுக்காவது சொல்லியிருக்கலாம்.

"இரு தம்பி," என்றேன்.