கோணல் பந்து

டிவியில் அயர்லாந்துக்கும் வேல்ஸுக்கும் ரக்பி ஆட்டம். இந்த சீசன் தொடங்கியதிலிருந்து சனிக்கிழமை வந்தாலே எனக்கு இருப்புக் கொள்வதில்லை. முட்டை மாதிரியான அந்தப் பந்து தெரிந்ததும் சேனலை மாற்ற ரிமோட்டைத் தேடுகிறேன். என் மகள் தருவதாயில்லை. பால் வாங்கப் போன நைனா எந்நேரமும் திரும்பிவிடுவார்.

நைனா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கராக இருந்தவர். தையல் ஒரு நூல் விலகினாலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, 'ரிஜெக்ட்' என்று தள்ளிவிடுவார். அம்மா சுடும் தோசைக்கும் அதே தீர்ப்புதான். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, சரக்கு பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் அவருக்கு ஒரு பந்தைப் பரிசாகக் கொடுத்தார். சட்டையில் ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனையோடு வந்த நைனா அதைத் தரையில் உருட்டினார். அது தத்தித் தத்திப் போய்க் கட்டிலுக்கடியில் நுழைந்தது.

"இருவது வருசமா ரிஜெக்ட் புடிக்கிறவன் நானு. எனக்கே ரிஜெக்ட் பீஸைக் குடுத்துட்டான் பாரு!"

பெருக்கல் குறி போட்டு, மறுநாள் அந்த மனுஷர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் அவர் எத்தனை தடவை வந்து கை நீட்டினாலும், நைனா குனிந்து ஷூவையே பார்த்துக்கொண்டிருப்பாராம்.

அது ரக்பி பந்து என்ற விஷயம் எனக்குக் காலேஜில்தான் தெரிந்தது. நைனாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

செருப்புச் சத்தம். வாசலில் நைனா. டிவியில் முப்பது பேர் அந்தப் பந்துக்காக முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்தார்.

"இன்னாம்மா," என்றார் என்னிடம் மெதுவாக, "அது அப்டித்தான் இருக்குமா?"